பவுண்டரியில் மெடிக்கல் கேம்ப் வைத்தால் ஆட்கள் ஒதுங்குகிறார்கள்: என்ன செய்யலாம்?

வார்ப்படம்_கோவை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் பக்கம் பம்ப் காஸ்டிங் போடற ஒரு பவுண்டரியில, அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கற ஆலையில, ஷிப்ட் சூப்பர்வைசரா இருக்கறேன். மோல்டிங், மெல்டிங், பெட்லிங் (வார்ப்பைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ற இடம்) எல்லாம் சேர்த்து இருநூறு பேருக்குக் கிட்ட வரும். கிட்டத்தட்ட எல்லாரும் ஆம்பளைங்க. பாதிப் பேர் நம்ம ஊர், மீதி பீகார், ஒடிசாப் பசங்க.

வருசா வருசம் நிர்வாகம் ஒரு கேம்ப் வைக்கும். பேனர் கட்டி, டைம் ஆபீஸ் முன்னால மேசை போட்டு, பிரஷர், சுகர் பார்த்து, போட்டோ எடுத்து முடிச்சுருவாங்க. வர்றதே பாதிப் பேருதான். ரிசல்ட் எச்.ஆர். பீரோவுக்குப் போயிரும். அதுக்கப்புறம் யாருக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கறதில்லீங்க.

தீபாவளிக்கு முன்னால மெல்டிங்ல ஒருத்தர், வயசு நாப்பத்தி நாலு, நெஞ்சு கரிக்குதுன்னு கேஸ் மாத்திரை போட்டுட்டு ஷிப்டை முடிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ராத்திரியே தவறிட்டார். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அப்புறம் கேம்ப் பேப்பரை எடுத்துப் பார்த்தா, அவர் பேருக்கு நேரா 170/110னு எழுதியிருக்குது. அவர்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லீங்க.

முதலாளிகிட்டப் பேசி, இந்தத் தடவை முறையா செய்யலாம்னு சம்மதம் வாங்கிட்டேன். எப்படிச் செஞ்சா ஆளுங்க வருவாங்க? வந்தவங்க மருந்தை விடாம சாப்பிட என்ன வழி? ஃபேக்டரியில இருக்கறவங்க, நர்சுங்க, யாரா இருந்தாலும் சொல்லுங்க.

லேத்துக்காரன்

அண்ணா, ஆளுங்க வராததுக்கு அக்கறை இல்லாதது காரணம்னு மட்டும் நினைச்சுராதீங்க. எங்க பக்கத்துக் கம்பெனியில கேம்ப்ல சுகர் 320 வந்த ஒருத்தரை உடனே நைட் ஷிப்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. அவர் நல்லதுக்குத்தான்னு சொன்னாங்க. நைட் அலவன்ஸ் போச்சு, ஓ.டி. போச்சு. வீட்டு லோன் கட்டிக்கிட்டு இருந்த மனுசன். இதைப் பார்த்தவன் எவன் அடுத்த கேம்ப்ல விரலை நீட்டுவான்?

முதல்ல முதலாளி எழுத்துல தரட்டும்: ரிசல்ட்டைக் காட்டி யாருக்கும் சம்பளம் குறையாது, வேலை போகாதுன்னு. அதை நோட்டீஸ் போர்டுல தமிழ்லயும் இந்தியிலயும் ஒட்டுங்க. பேனர் அப்புறம் கட்டிக்கலாம்.

ஆலைநர்ஸ்

நான் ஒரு நூற்பாலையின் முதலுதவி அறையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். லேத்துக்காரன் தம்பி சொன்னதுதான் அடிப்படை. அதோடு நடைமுறையாகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

பிரஷர் பார்க்கிற விதத்திலேயே பெரிய கோளாறு நடக்கிறது. உலைப் பக்கம் நின்றவர் வேர்க்க விறுவிறுக்க வருவார். வருகிற வழியில் ஒரு டீ, ஒரு பீடி. உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றினால் நல்ல ஆளுக்கும் 150 காட்டும். மறுநாள் வெளியில் பார்த்தால் 126 வரும். "அந்த மிஷினே பொய்" என்று அவர் பத்துப் பேரிடம் சொல்வார், அதோடு கேம்ப் முடிந்தது. டீ, பீடி முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். இரண்டு முறை பார்க்க வேண்டும். 140/90-ஐத் தாண்டினால் இன்னொரு நாள் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். 180/120 என்றால் அன்றைக்கே டாக்டர்.

டைம் ஆபீஸ் முன்னால் மேசை போடாதீர்கள். ஒரு தனி அறை, கதவு இருக்கிற அறை. சூப்பர்வைசர் உள்ளே நிற்கக் கூடாது (உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்). எல்லார் முன்னாலும் "சுகர் எவ்வளவு வந்துச்சு?" என்று கத்திக் கேட்கிற பழக்கம் ஒழியாமல் ஒரு ஆண் பிள்ளை தன் கஷ்டத்தைச் சொல்லமாட்டார்.

அப்புறம் வாய். ஒரு டார்ச் இருந்தால் போதும், செலவே இல்லை. குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-இலிருந்து தடை. ஆனால் பையில் பொட்டலம் இல்லாத பையன்களை எண்ணிவிடலாம். போன மாதம் இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன், குழம்பில் காரம் பட்டாலே வாய் எரிகிறது என்று வந்தான். மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொன்னேன். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துப் போய், தடவினால் நார் நாராகத் தட்டுப்பட்டது. பாக்கு போடுவதால் வருவது இது. விட்டுவிட்டால் புற்றுநோயாக மாறலாம். அன்றைக்கே அரசு பல் மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவனுக்கு அதுவரை வலி என்று ஒன்று இருந்ததே இல்லை. வலி இருந்திருந்தால் முன்னாலேயே வந்திருப்பான்.

வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் போகாத வாய். இவற்றைப் படமாகவே ஒட்டுங்கள். எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

மனிதவளம்_72

எச்.ஆர். பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வலிப்பு இருப்பவர் கிரேன் ஓட்டினால், தலைசுற்றல் இருப்பவர் உருகிய உலோகம் இருக்கும் லேடிலைப் பிடித்தால், கீழே நிற்கிற நாலு பேர் உயிருக்கு யார் பொறுப்பு? எல்லா ரிசல்ட்டும் ரகசியம் என்றால் நிர்வாகத்தால் பாதுகாப்பை எப்படிப் பார்க்க முடியும்?

ஆலைநர்ஸ்

> எல்லா ரிசல்ட்டும் ரகசியம் என்றால்

நியாயமான கேள்வி சார். எங்கள் ஆலையில் நோயின் பெயர் எச்.ஆருக்குப் போகாது. டாக்டர் எழுதித் தருவது "இந்த வேலைக்குத் தகுதி", "இத்தனை வாரத்துக்கு உயரத்தில் ஏறும் வேலை வேண்டாம்", இவ்வளவுதான். சுகரா, வலிப்பா, மூலமா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கிரேன், லேடில், போர்க்லிப்ட் ஓட்டுபவர்களுக்குத் தகுதிச் சோதனை தனி, அதைக் கேம்ப்போடு கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டும் கெடும்.

மனிதவளம்_72

அந்த ஏற்பாடு சரியாக இருக்கிறது. எங்கள் டாக்டரிடம் பேசுகிறேன்.

செங்கொடித்தோழர்

தோழர்களே, இதில் உரிமைப் பக்கம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம்) முதன்முதலில் வந்ததே கோவையில்தான், 1955-இல். இன்றைக்கு மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருகிறார்கள். நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ஆனால் நம் ஆட்களில் பலருக்கு அது 'காய்ச்சலுக்கு ஊசி போடும் இடம்' என்ற அளவில்தான் தெரியும். மருத்துவ விடுப்பு எடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது தெரியாது. டி.பி., புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்ப் பட்டியலில் இருந்தால் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். ஆண் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் 7 நாள் முழுச் சம்பளம். நோய்க்கால விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு இலவசப் பரிசோதனை என்பது முதலாளியின் கடமை. அதனால் கேம்ப் என்பது நிர்வாகம் செய்யும் தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

லேத்துக்காரன் தம்பி சொன்ன சம்பளப் பயத்துக்கு இதுதான் மருந்து. பரிசோதனைக்குப் போகும் நேரம் வேலை நேரம்தான், பஞ்ச் குறைக்கக் கூடாது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அப்படியே. அவர்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல இடங்களில் பிடித்தம் மட்டும் நடக்கும், எண்ணை ஆளிடம் தரமாட்டார்கள்.

பெட்லிங்_பெரியவர்

நான் ரிட்டையர்டு ஆளுங்க. சுகர், பிரஷர் எல்லாரும் பேசறீங்க. மணல் தூசியைப் பத்தி ஒருத்தரும் பேசலியே?

பெட்லிங்ல கிரைண்டர் போட்டா பறக்கற தூசி கண்ணுக்குத் தெரியற தூசி மட்டுமில்லீங்க. நெஞ்சுக்குள்ள போறது கண்ணுக்கே தெரியாதது. நாங்க எல்லாம் துண்டை மூக்குல கட்டிக்கிட்டுத்தான் வேலை செஞ்சோம். துண்டு அதைத் தடுக்காது. என்கூட இருந்த ரெண்டு பேருக்கு இளைப்பு, இருமல்னு வந்து டி.பி. மருந்தே மாறி மாறிக் குடுத்தாங்க. கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர்தான் "என்ன வேலை பார்த்தே?"ன்னு கேட்டார். அதுவரைக்கும் யாரும் அந்தக் கேள்வியே கேக்கலீங்க. சிலிகோசிஸ்னு சொன்னாங்க. அதுக்குத் திரும்ப நல்லாக்கற மருந்து கிடையாது.

உங்க கேம்ப்ல பெட்லிங், ஷாட் பிளாஸ்டிங், மணல் கலக்கற இடம், இந்த ஆளுங்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கற டெஸ்டும் கட்டாயம் சேருங்க தம்பி.

செங்கொடித்தோழர்

பெரியவர் சொன்னது மிக முக்கியம். சிலிகோசிஸ் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருந்த நோய். கண்டுபிடித்த டாக்டர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இ.எஸ்.ஐ.யில் தொழில்நோயாக ஏற்றால் ஊனப் பலனும் உண்டு. எத்தனை வருடம், எந்தச் செக்‌ஷன் என்ற விவரம் கையில் இல்லாததால்தான் கேஸ் நிற்பதில்லை. ஒவ்வொருவரும் வேலை விவரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்து_எம்பிபிஎஸ்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் நான். இழையைத் தொடங்கியவர் சொன்ன அந்த மெல்டிங் அண்ணனைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

பவுண்டரியில் ஒரு ஆபத்து இருக்கிறது. மாரடைப்பில் வேர்க்கும். ஆனால் உலை முன்னால் எல்லாருக்கும்தான் வேர்க்கிறது. அதனால் பக்கத்தில் நிற்பவருக்கும் சந்தேகம் வராது. நெஞ்சில் பாரம், கரிப்பு, இடது கை அல்லது தாடை வரை போகும் வலி, காற்றாடி முன்னால் உட்கார்ந்த பின்னும் நிற்காத குளிர்ந்த வேர்வை: இதில் எது இருந்தாலும் கேஸ் என்று மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகாதீர்கள். 2023-இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். உங்கள் ஃபேக்டரிக்குப் பக்கத்து நிலையம் எது, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி முதலுதவிப் பெட்டி மேல் ஒட்டி வையுங்கள்.

தொடர் மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம் கூடுதல். அந்தக் கணக்குப்படி உங்கள் இருநூறு பேரில் அறுபது பேர் இருக்கலாம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோய்த் தருகிறது. ஆனால் பகலில் வீட்டுக்குப் போனால் ஆண்கள் இருக்கமாட்டார்கள், எல்லாரும் வேலையில். அதனால்தான் 2024-இல் பணியிடங்களுக்கும் விரிவாக்கினார்கள். உங்கள் வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். குழு ஃபேக்டரிக்கே வந்து சோதிக்கும்.

மாத்திரையை நிறுத்துவது பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவார்கள். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் ஒருவர் நேரில் சொல்ல வேண்டும். போஸ்டர் சொல்லாது.

தங்கம்_மனைவி

நான் பவுண்டரியில் வேலை செய்யவில்லை, என் வீட்டுக்காரர் செய்கிறார். சொல்லலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி அஞ்சு வருஷம் குழந்தை இல்லை. இந்த அஞ்சு வருஷமும் எனக்குத்தான் ஸ்கேன், எனக்குத்தான் ஊசி, கோயில் கோயிலாக நான்தான் விரதம். என் மாமியார் பேச்சும் எனக்குத்தான். அவரை ஒரு தடவைகூட ஒரு டாக்டரும் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை. கடைசியாகப் போன இடத்தில் ஒரு அம்மா டாக்டர், "முதலில் அவருக்கு விந்துப் பரிசோதனை, அதற்கப்புறம்தான் உனக்கு எதுவும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எண்ணிக்கை ரொம்பக் குறைவாக இருந்தது. வருடக்கணக்காக உலைச் சூட்டில் நிற்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். விந்து உருவாகிற இடம் உடம்புச் சூட்டைவிடக் குறைவான சூட்டில்தான் இருக்க வேண்டுமாம். ஒரு சுற்று உருவாக இரண்டரை மாதம் ஆகுமாம்.

அவர் இதைக் கம்பெனியில் எப்படிச் சொல்வார்? ஆம்பளை சொல்லுகிற விஷயமா அது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. "உடம்புக்குச் சூடு ஆகவில்லை, டாக்டர் சொன்னார்" என்று மட்டும் சீட்டு வாங்கிக் கொடுத்து, டெஸ்பாட்ச்சுக்கு மாற்றிக்கொண்டார். அவருடைய சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக் கொடுத்தார், சம்பளமும் குறைக்கவில்லை. அந்த மனிதரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு அப்புறம் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருக்கிறது. இன்னும் காத்திருக்கிறோம்.

நீங்கள் கேம்ப் வைத்தால், புதிதாகக் கல்யாணமான பையன்களுக்கு இதைத் தனியாக ஒரு ஆண் டாக்டரை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். குழந்தை இல்லாத வீடுகளில் ஏறக்குறைய பாதிக்கு ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறதாம். எத்தனை பெண்கள் வீணாக ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

லேத்துக்காரன்

அக்கா, இதை எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. எங்க செக்‌ஷன் பசங்ககிட்ட இதைப் படிச்சுக் காட்டறேன்.

கிராமத்து_எம்பிபிஎஸ்

சகோதரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இளைஞர்கள் விதைப்பையில் வலியில்லாத கட்டி இருந்தால் மறைக்காமல் காட்ட வேண்டும். விதைப் புற்றுநோய் இருபது, முப்பது வயதுகளில்தான் அதிகம் வருகிறது, சீக்கிரம் பார்த்தால் நன்றாகக் குணமாகும். ஐம்பதைத் தாண்டியவர்கள் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவதை 'வயசாச்சு' என்று விட வேண்டாம். பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கம்தான், புற்றுநோய் இல்லை. ஆனாலும் பார்க்க வேண்டும். சுகராகவும் இருக்கலாம்.

வேன்_டிரைவர்_பொள்ளாச்சி

கம்பெனி வேன் ஓட்டறவங்களையும் சேர்த்துக்கங்க. கேம்ப் நடக்கறப்ப நாங்க ரோட்டுல இருப்போம். தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், நிறுத்த இடம் இல்லைன்னு குடிக்காமயே ஓட்டி எனக்குக் கல்லு வந்துச்சு. சுகர் மாத்திரை போட்டுட்டு நேரத்துக்குச் சாப்பிடாம ஓட்டினா படபடன்னு வந்து கண்ணை மறைக்கும். வண்டியில இருபது பேர் இருப்பாங்க. இதைச் சொன்னா வண்டியை விட்டு இறக்கிருவாங்களோன்னு பயந்து பல பேர் சுகரையே மறைக்கறாங்க.

ராத்திரிஷிப்ட்_ஓஎம்ஆர்

சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறேன். எங்களுக்கு வருடாவருடம் இலவசச் செக்கப் கூப்பன் வரும், பாதிப் பேர் பயன்படுத்துவதே இல்லை. அதனால் படிப்பு, சம்பளம் மட்டும் விஷயம் இல்லை.

மனசு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. இந்தியாவில் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஆண்கள். கடன், குடி, குடும்பத் தகராறு எதுவும் வேலை செய்யும் இடத்தில் வெளியே வராது. ஒருவர் திடீரென்று லீவு அதிகம் போடுவார், சண்டை போடுவார், அட்வான்ஸ் கேட்பார். அப்போது மெமோ கொடுக்காமல் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்க ஒரு சீனியர் இருந்தால் போதும். எங்கள் டீமில் அப்படி ஒரு அண்ணன் இருந்ததால்தான் என் நண்பன் இன்றைக்கு உயிரோடு இருக்கிறான். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் பேசலாம், இலவசம். இந்தியிலும் பேசுவார்கள் என்பதால் உங்கள் பீகார்ப் பையன்களுக்கும் உதவும். குடும்பத்தைப் பிரிந்து ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கிறவர்கள் அவர்கள்.

வார்ப்படம்_கோவை

எல்லாருக்கும் நன்றிங்க. ராத்திரி உக்காந்து முழுசாப் படிச்சேன். காலையில முதலாளிகிட்டப் பேசிட்டேன்.

சம்பளம் குறையாது, வேலை போகாதுங்கற கடிதத்துல கையெழுத்துப் போடறேன்னுட்டார். ரிசல்ட் சீட்டு ஆளுக்குக் கையில போயிரும், நகல் டாக்டர்கிட்ட மட்டும். ஒரே நாள்ல முடிக்காம, நாளைக்கு ஒரு செக்‌ஷனா, ஷிப்ட் தொடங்கறதுக்கு முன்னாலயே பார்க்கறோம். அப்பத்தான் உலைச்சூடு ஏறாம பிரஷர் சரியாத் தெரியும். பெட்லிங் ஆளுங்களுக்கு எக்ஸ்ரே உண்டுங்க பெரியவரே, முதல் நாளே அவங்கதான். வேன் டிரைவருங்களுக்கு டிரிப் முடிஞ்ச பிறகு சாயங்காலம் தனியா. வட்டார மருத்துவ அலுவலருக்குக் கடிதம் எழுதிட்டேன்.

டாக்டர் சொன்ன மூணாம் மாசப் பேச்சுக்கு, செக்‌ஷனுக்கு ஒருத்தரைப் பசங்களே தேர்ந்தெடுக்கட்டும்னு விட்டுட்டோம். மேஸ்திரியோ லீடரோ வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இந்திப் பசங்க அவங்களுக்குள்ள ஒருத்தனைச் சொல்லியிருக்காங்க.

ஒண்ணு மட்டும் கேக்கணும். நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு வெறும்வயித்து சுகர் எப்படிப் பார்க்கறது? அவங்க ராத்திரி ரெண்டு மணிக்குச் சாப்பிடுவாங்க.

ஆலைநர்ஸ்

சாப்பிட்டு எட்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அதனால் காலையில் எடுத்தால் கணக்கு வராது. அவர்களுக்கு எச்.பி.ஏ.1.சி. எடுங்கள், எந்த நேரமும் எடுக்கலாம், மூன்று மாதச் சராசரி தெரியும். 5.7-க்குக் கீழே சரி, 6.5-ம் அதற்கு மேலும் சுகர், இடையில் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றிப் பேசுங்கள். செலவு கொஞ்சம் கூடுதல், நைட் ஆட்களுக்கு மட்டும் போதும். ரத்தம் கொடுத்த உடனே அவர்களைத் தூங்க அனுப்பிவிடுங்கள், ஃபார்ம் நிரப்ப உட்காரவைக்காதீர்கள். எந்த வாரம் வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எனக்கு லீவு கிடைத்தால் வாய்ப் பரிசோதனைக்கு நானே வருகிறேன்.